கருவியை வாங்கினோம், அதற்குள் இருப்பதை வாங்கவில்லை



என்னிடம் ஓதிய கோவளத்து மாணவர் ஒருவர் இப்போது மாமல்லபுரம் சாலையில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறார். சென்ற மாதம் ஜுமுஆ தொழுகைக்குப் பின் செங்கல்பட்டில் என்னைச் சந்தித்து, உள்ளங்கை அளவுள்ள ஒரு பழைய கருவியை என் முன் வைத்தார். பாம் டிஎக்ஸ் என்னும் கையடக்கக் கணினி அது. 2005-இல் வெளிவந்தது, தயாரிப்பு நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. இணைய ஏலத்தில் பலரோடு போட்டியிட்டு எடுத்திருக்கிறார்.

"ஹஜ்ரத், இப்படி ஏலத்தில் வாங்குவது கூடுமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லும் முன்பே தயங்கியபடி இன்னொன்றையும் சொன்னார்: "முன்பு வைத்திருந்தவர் எழுதியதெல்லாம் இதில் அப்படியே இருக்கிறது. யாருக்குக் கடன் கொடுத்தார், எந்த மருத்துவரிடம் போனார், எல்லாம். கொஞ்சம் படித்துவிட்டேன்."

முதல் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவது கேள்வி, அவருக்கு மட்டுமன்றி நம் வீடுகள் அனைத்திற்கும் உரியது.

இளையோருக்காக ஒரு விளக்கம். இன்றைய கைப்பேசிகளுக்கு முன்னோடியாக, நாட்குறிப்பும் முகவரியும் கணக்கும் எழுதி வைக்கும் சிறு கணினிகள் இருந்தன. ஆப்பிள் நிறுவனத்தின் நியூட்டன் 1993-இலும், பாம் பைலட் 1996-இலும், இங்கிலாந்தின் சயான் சீரிஸ் 5 1997-இலும் வந்தன. நம் நாட்டிலும் ஒன்று பிறந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்து வடிவமைத்த சிம்ப்யூட்டர் 2001-இல் அறிமுகமானது. 2004-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத் தயாரிப்பாக, அமிடா என்ற பெயரில் விற்பனைக்கும் வந்தது. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அதனாலேயே சேகரிப்பாளர்கள் இன்று அதைத் தேடுகின்றனர்; என் மாணவரும் தேடிக்கொண்டிருக்கிறார்.

இத்தகைய பொருள்களைச் சேகரிப்பது ஆகுமானதே. ஏலமும் ஆகுமானதே. வறுமையால் உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் குவளையையும் நபி (ஸல்) அவர்களே ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். இதைவிடக் கூட்டித் தருபவர் யார் என்று கேட்டு, இரண்டு திர்ஹம் தந்தவருக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு திர்ஹம் வீட்டாரின் உணவுக்கும், மற்றொன்று விறகு வெட்டும் கோடரிக்கும் போனதை அபூதாவூது நூலில் காண்கிறோம். அந்த ஏலம் ஒரு வீட்டின் பசியைப் போக்கியது. நம் வீட்டு மளிகைப் பணத்தையோ வட்டிக் கடனையோ கொண்டு நாம் கேட்கும் ஏலம் அதற்கு நேர்மாறானது. எவ்வளவு வரை கேட்கலாம் என்பதை ஏலம் தொடங்கும் முன்பே வீட்டாருடன் பேசி முடிவு செய்யுங்கள். கடைசி நிமிடத்தின் சூட்டில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் வருத்தத்தில்தான் முடியும்.

வாங்கும் எண்ணம் இல்லாமல் விலையை ஏற்றிவிடுவதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். அது தடுக்கப்பட்டது. நண்பனின் பொருள் நல்ல விலைக்குப் போகட்டும் என்று வேறொரு கணக்கிலிருந்து கேட்பதும் அதுவே. விற்பவர் குறையை மறைப்பதும் ஆகாது. சயான் சீரிஸ் 5-இல் திரையை இணைக்கும் பட்டைக் கம்பி நாளடைவில் அறுந்துபோவது சேகரிப்பாளர்கள் அறிந்த குறை. திரை விட்டுவிட்டுத் தெரிகிறது என்றால் அதை எழுதிவிட்டே விற்க வேண்டும்.

இனி இரண்டாம் கேள்வி. பழைய பாம் கருவிகள் பலவற்றில் பேட்டரி முழுதும் தீர்ந்தால் பதிவுகள் தாமே அழிந்துவிடும். டிஎக்ஸ் அப்படியன்று, பேட்டரி தீர்ந்து ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் உள்ளிருப்பது அழியாது. விற்றவர் இதை மறந்திருக்கலாம். வாரிசுகள் விற்றிருந்தால் அறியாமலும் இருக்கலாம்.

நான் மாணவருக்கு ஒரு ஹதீஸை நினைவூட்டினேன். முன்னொரு காலத்தில் ஒருவர் நிலம் வாங்கினார். அதில் பொன் நிறைந்த குடம் கிடைத்தது. தாம் வாங்கியது நிலத்தை மட்டுமே, பொன்னை அல்ல என்று சொல்லி, விற்றவரிடமே அதைக் கொண்டு சென்றார். விற்றவரோ, நிலத்தோடு அதிலுள்ளதையும் சேர்த்தே விற்றதாகச் சொல்லி வாங்க மறுத்தார். புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவான நிகழ்ச்சி இது. கையில் கிடைத்த பொன்னையே தமதல்ல என்று சொன்னார் அந்த மனிதர். ஒருவரது கடனும் நோயும் குடும்பச் செய்தியும் பொன்னைவிட மதிப்புள்ளவை. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆம் வசனம் தடுக்கிறது. நாம் விலை கொடுத்தது கருவிக்கு. உள்ளிருப்பது அமானிதம்.

சிம்ப்யூட்டரை வடிவமைத்தவர்கள் இதைக் குறித்துச் சிந்தித்திருந்தார்கள் என்பது எனக்கு வியப்பளித்தது. ஏழைக் கிராமத்தார் பலர் ஒரே கருவியை மாறி மாறிப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்களது திட்டம். ஆகவே ஒவ்வொருவரின் தகவலும் அவரவர் ஸ்மார்ட் கார்டில் இருக்கும்படி அமைத்தார்கள். கருவி பொது, தகவல் உரியவருக்கு மட்டும்.

மாணவரிடம் சொன்னது இதுதான்: படித்தவரை போதும், அதற்காகத் தவ்பா செய்யுங்கள். படித்ததை எவரிடமும் சொல்லாதீர்கள். கடன் கணக்கு இருப்பதால், தேவையா என்று விற்றவரிடம் ஒருமுறை கேளுங்கள். தேவையில்லை என்றால், மேற்கொண்டு திறந்து பார்க்காமல் அனைத்தையும் அழித்துவிடுங்கள். அவர் அங்கேயே விற்றவருக்குச் செய்தி அனுப்பினார்.

பெற்றோரே, நீங்கள் பழைய கருவி எதையும் சேகரிக்காதவர்களாக இருக்கலாம். ஆனால் பழைய கைப்பேசியைக் கடையில் கொடுத்துப் புதியது வாங்காத வீடு உண்டா? அதில் நம் பெண்மக்களின் படங்கள் உள்ளன, நோயாளிகளின் மருத்துவச் சீட்டுகள் உள்ளன, உறவினர் நம்பிச் சொன்ன செய்திகள் உள்ளன. கொடுக்கும் முன் மெமரி கார்டையும் சிம் கார்டையும் எடுத்துவிட்டு, முழுதும் அழித்துவிட்டுக் கொடுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால், பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிறருடைய கருவி உங்கள் கைக்கு வந்தால், உங்களுடையது பிறர் கையில் இருப்பதாக எண்ணி நடந்துகொள்ளுங்கள்.

பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைக்கிறான். அத்தகையோருள் நம் அனைவரையும் அவன் சேர்த்தருள்வானாக. ஆமீன்.