பாத்திமா (ரலி) சொன்ன கைவலி



நள்ளிரவில் கை மரத்துப்போய் விழித்து, அதை உதறிவிட்டு மீண்டும் படுக்கும் பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மதுக்கரையிலும் குனியமுத்தூரிலும் வீட்டிலிருந்தே துணி தைக்கும் சகோதரிகள், நாள்தோறும் மாவு பிசைந்து துணி பிழியும் தாய்மார்கள் பலர் இதனை "வாயுப் பிடிப்பு" என்று சொல்லிக் கடந்துவிடுகின்றனர். பல வேளைகளில் அது வாயுவன்று. 'கார்பல் டனல்' எனப்படும் மணிக்கட்டு நரம்பு அழுத்தம்.

மணிக்கட்டில் எலும்புகளும் ஓர் உறுதியான நார்ப்பட்டையும் சேர்ந்து குறுகிய குகைபோல் அமைந்துள்ளன. 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதனுள்ளே செல்கின்றன. அங்கே வீக்கம் ஏற்பட்டால் நரம்பு நசுங்குகிறது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மரத்துப்போகும்; சுண்டுவிரல் பெரும்பாலும் தப்பிவிடும். வேலை மட்டுமே இதற்குக் காரணமன்று. நீரிழிவு, தைராய்டு குறைபாடு, உடற்பருமன், கர்ப்பகாலம் ஆகியவையும் இதற்கு வழிவகுக்கும்.

பொறுமையைப் பற்றிப் பேசும்போது பாத்திமா (ரலி) அவர்களை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். திருகை அரைத்துத் தம் கைகள் நொந்ததை அவர்கள் மறைக்கவில்லை. பணியாள் வேண்டித் தம் தந்தையின் இல்லம் சென்றார்கள். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் இரவில் தாமே மகளின் வீட்டுக்கு வந்தார்கள். பணியாளைத் தரவில்லை, உறங்குமுன் ஓதும் தஸ்பீஹைக் கற்றுத் தந்தார்கள். இதிலிருந்து நாம் தஸ்பீஹை எடுத்துக்கொண்டோம். வலியைச் சொன்ன மகளையும் தேடி வந்த தந்தையையும் மறந்துவிட்டோம். வலியைச் சொல்வது பொறுமைக்கு மாறானதன்று. நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் தம் குடும்பத்தாருக்கு உதவியதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதும் நம் ஆண்களுக்கான பாடமே.

மருத்துவமும் எளிதானதே. தொடக்க நிலையில், மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை இரவில் சில வாரங்கள் அணிவது பலருக்குப் பலன் தருகிறது. தேவைப்பட்டால் மருத்துவர் ஸ்டீராய்டு ஊசி போடுவார்; முற்றிய நிலையில் நார்ப்பட்டையை வெட்டி நரம்பை விடுவிக்கும் சிறு அறுவை சிகிச்சை உண்டு. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஆனால் பெருவிரலடிச் சதை மெலியும்வரை காத்திருந்தால் இழந்த வலு முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.

"ஸுஜூதில் கையை ஊன்ற முடியவில்லையே" என்று வருந்தும் சகோதரிகளே! சக்திக்கு மேல் அல்லாஹ் எவரையும் சிரமப்படுத்துவதில்லை. இரவுப் பட்டையை உளூவுக்காகக் கழற்றிவிடலாம். அறுவைக்குப் பின் நனையக்கூடாத கட்டின்மேல் மஸஹு செய்ய மார்க்கத்தில் சலுகை உண்டு. உங்கள் நிலைக்குரிய விளக்கத்தை ஆலிமிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஆட்டுக்கல்லிலிருந்து கைகளை விடுவித்த வெட் கிரைண்டருக்குப் பெயர்பெற்றது நம் கோவை. ஆனால் எந்த இயந்திரமும் கணவனின், மகனின் கைக்கு ஈடாகாது. இன்றிரவு துணி பிழியும் வேலையை நாம் ஏற்போம். கை மரக்கிறதா என்று நாமே கேட்போம். நம் பெண்களின் கைகளுக்கு அல்லாஹ் ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.