லெவல் பத்துக்கு அப்புறம் என்ன?

அமெரிக்கப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் லெவல் 1 முதல் 10 வரை படிகள் உண்டு. பத்தைத் தாண்டினால் ஒலிம்பிக் என்று பெற்றோர் பலர் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு அங்கேதான் தப்புகிறது.

முதல் ஐந்து லெவல்களில் நாடெங்கும் ஒரு லெவலில் உள்ள எல்லாச் சிறுமிகளும் ஒரே அசைவுகளை, ஃப்ளோரில் ஒரே இசைக்குச் செய்துகாட்ட வேண்டும். ஆறிலிருந்துதான் அவரவர்க்கென்று தனி ரொட்டீன். ஒன்பதாம் லெவலுக்குக்கூட கிழக்கு, மேற்கு என்று இரண்டு சாம்பியன்ஷிப்கள்தான். தேசியப் பட்டம் பத்துக்கு மட்டும். பால்பல் விழும் வயதில் யாருக்கும் தேசிய மகுடம் சூட்டாத இந்த ஏற்பாடு புத்திசாலித்தனமானது. ஆனால், பிள்ளையைக் கீழ் லெவலிலேயே நிறுத்திவைத்து மெடல் குவிக்கும் கிளப்புகளை அதுவும் தடுப்பதில்லை.

பத்து வரை மதிப்பெண்ணின் உச்சம் 10. அதற்கு மேலுள்ள எலைட் பிரிவு சர்வதேசச் சம்மேளனத்தின் விதிகளைத் தழுவியது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் ஆல்ரவுண்ட் தங்கம் குறித்து எழுந்த நடுவர் சர்ச்சைக்குப் பின், 2006 முதல் கடினத்துக்கு ஒன்று, நேர்த்திக்கு ஒன்று என இரு மதிப்பெண்களைக் கூட்டுகிறார்கள். மொத்தத்துக்கு உச்சவரம்பு கிடையாது. கீழே பிழையில்லாமல் செய்தவள் ஜெயிப்பாள். மேலே அது மட்டும் போதாது. ஆபத்தான சாகசங்களையும் சேர்த்தாக வேண்டும். கிட்டத்தட்ட வேறொரு விளையாட்டு.

எனவே, லெவல் 10 வீராங்கனைகளில் பலரின் இலக்கு கல்லூரி அணி. அங்கே லெவல் 10 விதிகளைச் சற்றே திருத்திப் பயன்படுத்துகிறார்கள். ‘பெர்ஃபெக்ட் 10’ இன்னும் உயிரோடிருக்கிறது. டோக்கியோவில் ஆல்ரவுண்ட் தங்கம் வென்ற சுனி லீ, ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்கு ஆடிவிட்டு 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு வந்தார். கல்லூரி வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்க 2021இல் கிடைத்த அனுமதிதான் அந்தப் பாதையைத் திறந்தது. அதற்கு முன் விளம்பரப் பணத்தைத் தொட்டவர்களுக்குக் கல்லூரி அணியில் இடமில்லை.

இவற்றுக்குப் பக்கத்தில் எக்ஸெல் என்றொரு திட்டம்: ப்ரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு தொடங்கி சஃபையர் வரை ஆறு பிரிவுகள். தொடக்கத்திலிருந்தே தனி ரொட்டீன். பொதுவாகப் பயிற்சி நேரமும் செலவும் குறைவு. இதை இரண்டாந்தரம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பள்ளி, வீடு, நட்பு எல்லாவற்றோடும் ஜிம்மையும் விரும்பும் பெரும்பாலான சிறுமிகளுக்கு இதுவே பொருத்தம் என்பது என் கட்சி.

மகளைச் சேர்க்கும் முன் கிளப்பில் இரண்டைக் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி? அடுத்த லெவலுக்கு எதை வைத்து ஏற்றுகிறீர்கள்? இரண்டாவதற்குத் தெளிவான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.