நகல் வண்டி ஓடுமா?

தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா மலரிலே தொலைக்காட்சியைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறக்கூடும். அதிலும் கார்களைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைப் பற்றி எழுதுவதா என்று வேறு சிலர் முகஞ் சுளிக்கவும் கூடும். அவர்கள் இக்கட்டுரையை இறுதிவரை வாசிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நான் கூற வருவது காரைப் பற்றியதன்று. நமது வகுப்பறையைப் பற்றியது.

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் 'டொப் கியர் அவுஸ்திரேலியா' என்னும் நிகழ்ச்சி, பல ஆண்டு இடைவெளிக்குப் பின்னர் புதிய வடிவிலே, 'பரமவுண்ட் பிளஸ்' என்ற கட்டணச் சேவையில் வெளிவந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை காலை எங்கள் மேற்பிரிவு வகுப்பினுள் நான் நுழைந்தபோது மாணவர் ஐவர் அதைப் பற்றிக் கடுமையாக விவாதித்துக்கொண்டிருந்தனர். ஒருவன் நன்று என்றான். மற்றொருவன் இங்கிலாந்து நிகழ்ச்சியின் வெறும் நகல் என்றான். ஒரு மாணவி, நகல் என்பதில் குற்றமில்லை, நகலில் உயிர் இல்லை என்பதே குற்றம் என்றாள். காரணம், எடுத்துக்காட்டு, மறுப்பு என ஒரு நல்ல விமர்சனத்துக்கு வேண்டிய அனைத்தும் அங்கே இருந்தன. ஒன்று மட்டும் இல்லை, தமிழ் இல்லை. விவாதம் முழுவதும் ஆங்கிலத்திலேயே நடந்தது. நான் மேசையில் தட்டியதும் அமைதியாகிப் புத்தகத்தைத் திறந்தனர். அந்த ஐந்து முகங்களிலிருந்தும் ஒளி மறைந்ததை நான் கண்டேன். அன்று முதல் அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்நிகழ்ச்சியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் 1977இல் இதனைத் தொடங்கிற்று. கார் வாங்குவோர்க்கு அறிவுரை கூறும் அடக்கமான நிகழ்ச்சியாக அது அப்போது இருந்தது. 2002இல் ஜெரமி கிளார்க்ஸன் முதலியோரைக் கொண்டு அது புத்துருவம் பெற்றது. கேலியும் போட்டியும் நெடும் பயணங்களும் நிறைந்த அந்த வடிவமே உலகப் புகழ் பெற்றது. அதனைத் தழுவி அவுஸ்திரேலியாவுக்கென ஒரு நிகழ்ச்சி 2008 செப்டெம்பர் 29ஆம் திகதி எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் ஆரம்பமாயிற்று. ஓட்டப் பந்தய வீரர் சார்லி கொக்ஸ், கேலிச் சித்திரக்காரர் வொறன் பிறவுண், கார் ஓட்டப் பயிற்றுநர் ஸ்டீவ் பிசாற்றி ஆகிய மூவர் அதனை நடத்தினர்.

எஸ்.பி.எஸ். என்பது நம்மைப் போன்ற குடிவரவாளர்களை மனத்திற் கொண்டு 1980ஆம் ஆண்டு சிட்னியிலும் மெல்பேர்ணிலும் தொடங்கப்பெற்ற தொலைக்காட்சி. அதன் வானொலியிலே தமிழ் ஒலிப்பதை நாம் அறிவோம். அத்தகைய நிலையம் இத்தகைய நிகழ்ச்சியைத் தொடங்கியபோது முதல் நாள் அதற்கு வழக்கத்தை மீறிய பெருங்கூட்டம் கிடைத்தது. ஆனால் பார்வையாளர்களின் கருத்து இரண்டாகப் பிளந்தது. நம் நாட்டுச் சாலையை, நம் நாட்டு வண்டியை, நம் பேச்சு வழக்கைத் திரையிலே காண்கிறோம் என்று மகிழ்ந்தோர் ஒரு சாரார். அதே மேடை, அதே முகமூடி அணிந்த ஓட்டுநர், அதே நகைச்சுவைத் தாளம். மனிதர் மட்டும் வேறு என்று சலித்துக்கொண்டோர் மறு சாரார். போகப் போகக் கூட்டம் குறைந்தது. 2009இல் கொக்ஸின் இடத்துக்கு இசைக் கலைஞர் ஜேம்ஸ் மொறிஸன் வந்தார். 2010இல் நிகழ்ச்சி நைன் தொலைக்காட்சிக்கு மாறிற்று. அங்கும் அது நெடுநாள் நிலைக்கவில்லை.

பார்வையாளர் கடுமையானவர் என்று கூறி இதனைத் தள்ளிவிட முடியாது. இங்கிலாந்திலேயே இதுதான் நடந்தது. 2015இல் கிளார்க்ஸன் நீக்கப்பட்டார். 2016 மே மாதம் கிறிஸ் எவன்ஸ் என்னும் புகழ்பெற்ற ஒலிபரப்பாளரைக் கொண்டு நிகழ்ச்சி மீண்டும் வந்தது. அதே பெயர், அதே மேடை, அதே பெருஞ்செலவு. ஆயினும் பார்வையாளர் ஏற்கவில்லை. ஆறே பகுதிகளின் பின் ஜூலை மாதத்தில் அவர் விலகினார். சொந்த நாட்டில், சொந்த மொழியில், சொந்தப் பெயரில் வந்ததே நகலாகிவிட்டது. சட்டகத்தை இரவல் வாங்கலாம். அதனுள் இருந்த உறவை இரவல் வாங்க இயலாது என்பதையே இது காட்டுகிறது. மயிலைக் கண்டு தானும் சிறகு விரித்த வான்கோழியை நாம் மூதுரையிலே படித்திருக்கிறோம். வான்கோழி ஆடியது தவறன்று. மயிலாக ஆட முயன்றதே தவறு.

அவுஸ்திரேலியருக்கு இவ்விடயத்தில் இத்துணை உணர்ச்சி ஏன்? கார் இந்நாட்டவரின் வாழ்வோடு பின்னிப் பிணைந்தது. 1948 நவம்பர் 29ஆம் திகதி மெல்பேர்ணின் பிஷர்மன்ஸ் பெண்ட் என்னுமிடத்தில் அன்றைய பிரதமர் பென் சிவ்லி முதலாவது ஹோல்டன் காரை வெளியிட்டு வைத்தார். அக்கார்த் தொழிற்சாலைகளிலே இத்தாலியரும் கிரேக்கரும் வியட்நாமியரும் பிற குடிவரவாளரும் உழைத்தனர். ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதத்தில் பாதர்ஸ்ட் நகரில் நடைபெறும் 1000 கிலோமீற்றர் ஓட்டப் போட்டியின்போது ஹோல்டன் பக்கம், போர்ட் பக்கம் எனக் குடும்பங்களே பிரிந்து நின்ற காலம் உண்டு. போர்ட் நிறுவனம் 2016 ஒக்டோபரிலும், டொயோட்டாவும் ஹோல்டனும் 2017 ஒக்டோபரிலும் இங்கே கார் உற்பத்தியை நிறுத்தின. 2020இல் ஹோல்டன் என்ற பெயரையே கைவிடுவதாக அதன் தாய் நிறுவனம் அறிவித்தது. ஆகவே, தங்கள் வாழ்வைத் திரையில் காண வந்தவர்களுக்குப் பிறர் வாழ்வின் நகலைக் காட்டினால் அவர்கள் சினங்கொள்வது இயல்பே.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். நமது தமிழ் வகுப்பு எதன் நகல்?

நான் ஈழத்திலே தமிழாசிரியனாக இருந்தவன். போரின் விளைவாக 2010இல் அகதியாக இந்நாட்டுக்கு வந்தேன். இங்கே சனிக்கிழமை வகுப்பு ஒன்றைப் பொறுப்பேற்றபோது யாழ்ப்பாணத்தில் நடத்திய பாடத்தை அப்படியே நடத்தினேன். அதே நெல் வயல், அதே பனந்தோப்பு, அதே 'எமது கிராமம்' என்ற கட்டுரைத் தலைப்பு. கிராமத்தையே காணாத பிள்ளை என்ன எழுதும்? நான் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதிற்று. கொப்பி நிறைந்தது. பெற்றோர் மகிழ்ந்தனர். நானும் மகிழ்ந்தேன். அங்கிருந்த மேடையையும் தாளத்தையும் கொண்டுவந்து, மனிதரை மட்டும் மாற்றி, அதே நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

நமது பிள்ளைகளும் பார்வையாளர்களே. ஆனால் அலைவரிசையை மாற்றும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஆகையால் அவர்கள் தமது விமர்சனத்தைக் கொட்டாவியாலும் கடிகாரத்தைப் பார்ப்பதாலும் தெரிவிக்கின்றனர். பதினைந்து வயதானதும், பரீட்சையைக் காரணங்காட்டி வராமல் நின்றுவிடுகின்றனர். அவர்களுக்குத் தமிழ்ப் பற்று இல்லை என்கிறோம். தொலைக்காட்சி நிலையம் கூட்டம் குறைந்தால் நிகழ்ச்சியை ஆராய்கிறது. நாமோ கூட்டத்தைக் குறை கூறுகிறோம்.

இந்த எண்ணத்தோடு, மறு சனிக்கிழமை அந்த ஐவரையும் அதே விவாதத்தைத் தமிழில் நடத்தச் சொன்னேன். சில நிமிடங்களில் விவாதம் நின்றுவிட்டது. அவர்களிடம் இருந்தவை இரண்டே சொற்கள்: 'நல்லம்', 'நல்லாயில்லை'. பத்தாண்டு தமிழ் படித்த பிள்ளைகள் அவர்கள். மூவேந்தரின் கொடிகளைக் கேட்டால் தயங்காமற் சொல்வார்கள். தமக்குப் பிடிக்காத ஒன்று ஏன் பிடிக்கவில்லை என்று தமிழிலே சொல்ல அவர்களால் முடியவில்லை. அந்தக் குறை அவர்களுடையதன்று. கருத்துக் கூறும் மொழியை நான் அவர்களுக்குக் கற்பித்ததே இல்லை.

அன்று பலகையிலே சொற்களை எழுதினோம். செயற்கையானது, உயிரோட்டமுள்ளது, சலிப்பூட்டுவது, மிகைப்படுத்தியது, பாசாங்கு, விறுவிறுப்பு. ஒவ்வொன்றுக்கும் அவர்களே நிகழ்ச்சியிலிருந்து எடுத்துக்காட்டுத் தந்தனர். அப்போது ஒருவன், "சேர், உங்கட ஊரில என்ன கார் இருந்தது?" என்று கேட்டான். நான் மண்ணெண்ணெய்க் காரின் கதையைச் சொன்னேன்.

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்ட பின்னர் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் இல்லை. எஞ்சியிருந்தவை ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலான பழைய கார்கள். அவற்றின் என்ஜின்களில் அமுக்கம் குறைவு. ஆதலால் மண்ணெண்ணெயையும் அவை ஏற்றுக்கொண்டன. குளிர்ந்த என்ஜினிலே மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே சிறிய போத்தல் ஒன்றில் பொன்போற் காத்து வைத்திருந்த பெற்றோலிற் சில துளிகளை உள்ளே செலுத்தி, வண்டியைக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகை தெருவை மூடும். எனினும் வண்டி ஓடும். பிள்ளைபெறும் தாய்மாரையும் காயப்பட்டோரையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றவை அந்த வண்டிகள்தாம். சிறுவனாயிருந்த நான் என் சித்தப்பாவின் காருக்குப் பெற்றோல் விடும் வேலையைப் பெருமையோடு செய்தவன்.

வகுப்பு முடியும் நேரம் கடந்தும் ஒருவரும் எழவில்லை. கேள்விகள் வந்தவண்ணம் இருந்தன. பெரும்பாலும் தமிழிலே வந்தன. அடுத்த வாரம் ஒரு மாணவி தன் அம்மப்பாவிடம் கேட்டு, அவர் ஓட்டிய வண்டியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தாள். எழுத்துப் பிழைகள் பல இருந்தன. எனினும் பலகையைப் பார்த்து எழுதப்படாத முதற் கட்டுரை அதுவே.

இதனைக் கேள்வியுற்ற பெற்றோர் ஒருவர் என்னிடம் வந்து, "மாஸ்ரர், பிள்ளையை ஆத்திசூடி படிக்கத்தான் அனுப்புகிறோம், கார்க் கதை கேட்க அல்ல" என்றார். அவர் கூறியதில் நியாயம் உண்டு. வாரத்தில் மூன்று மணித்தியாலமே நமக்குக் கிடைக்கிறது. அதனை அரட்டையிற் கழித்தல் ஆகாது. இலக்கியமும் இலக்கணமும் இன்றி மொழிக் கல்வி இல்லை. ஒளவையாரை அகற்றிவிட்டுக் காரை அமர்த்துங்கள் என்று நான் கூறவில்லை. தன் கருத்தைத் தமிழிலே சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஒளவையாரின் கருத்தும் விளங்கும் என்றே கூறுகிறேன். அவ்வாறு சொல்லத் தெரியாத பிள்ளைக்கு ஆத்திசூடி வெறும் ஒலியாகவே நின்றுவிடும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது ஆசிரியர்களுக்கு. மாதத்தில் ஒரு பாடவேளையைப் பிள்ளைகளின் விமர்சனத்துக்கு ஒதுக்குவோம். அவர்கள் கண்ட நிகழ்ச்சியோ, விளையாட்டோ, நமது பாடப் புத்தகமோ, எதுவாயினும் ஆகுக. பிடித்ததைப் பிடித்தது என்றும் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் காரணத்தோடு தமிழிலே கூறட்டும். நமது பாடமே அவர்களுக்குச் சலிப்பூட்டுகிறது என்று சொன்னாலும் பொறுமையோடு கேட்போம். அச்சமின்றிக் கருத்துக் கூறும் நிலையைத் தேடியே நம்மிற் பலர் இந்நாட்டுக்கு வந்தோம். அந்நிலையைத் தமிழ் வகுப்பினுள் மறுத்தல் முறையாகாது.

இரண்டாவது பெற்றோருக்கு. விக்ரோறியாவில் 21 வயதுக்கு உட்பட்டவரும், நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்கு உட்பட்டவரும் சாரதி அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் பொதுவாக 120 மணித்தியாலம் மேற்பார்வையின் கீழ் ஓடிப் பழக வேண்டும். அவற்றிற் பெரும்பாலான மணித்தியாலங்களில் அருகில் அமர்ந்திருப்போர் நீங்களே. வாரம் மூன்று மணித்தியாலமாக ஆண்டுக்கு 40 வாரம் நாம் தமிழ் வகுப்பு நடத்தினால், அதுவும் 120 மணித்தியாலமே! தமிழ்ப் பள்ளியை விட்டு விலகும் வயதிலேதான் பிள்ளை உங்களோடு காரில் அத்தனை நேரம் அமர்கிறது. வெளியே செல்ல வழியில்லை. வேறு வேலையும் இல்லை. 'மெதுவாக', 'கண்ணாடியைப் பார்', 'இடப்பக்கம் திரும்பு', 'நிறுத்து' ஆகிய சொற்களை வண்டி புறப்படுமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிள்ளைக்குக் கை பழகிய பின்னர், நேரான தெருவில், உங்கள் ஊரின் வண்டிக் கதையைச் சொல்லத் தொடங்குங்கள்.

2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 95,000க்கு மேற்பட்டோர் வீட்டிலே தமிழ் பேசுகின்றனர். அடுத்த தலைமுறையிலும் அத்தொகை நிலைக்க வேண்டுமாயின், யாழ்ப்பாணத்து வகுப்பின் நகலையோ தமிழகத்து வகுப்பின் நகலையோ நம்பியிருத்தல் போதாது. இந்த மண்ணிலே பிறந்த பிள்ளை, இந்த மண்ணின் பொருள் குறித்துத் தமிழிலே பேசும் வகுப்பு வேண்டும்.

என் சித்தப்பாவின் கார் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டது. பெற்றோல் இல்லாத ஊரிலே, கிடைத்ததைக் கொண்டு அவர் அதனை ஓட்டினார். ஆயினும் முதல் துளி பெற்றோலாகவே இருக்க வேண்டும் என்பதை அவர் மறக்கவில்லை. நமது வகுப்புக்கு அந்த முதல் துளி ஒளவையாரும் வள்ளுவரும் ஆகட்டும். அதன் பின்னர் வண்டியை ஓடச் செய்வது இவ்வூரில் நமக்குக் கிடைக்கும் பொருளே.