இங்க் கலவைக்கு 20 வருஷ உரிமையா? பழைய பில்லை தூக்கிப் போடாதீங்க!

பம்மல்:

பட்டறையில் பல வருஷமாக கலக்கி வரும் இங்க் கலவைக்கு ஒரு பெரிய கம்பெனி திடீரென காப்புரிமை கேட்டால் என்ன ஆகும்? தோல் தொழிலை நம்பி இருக்கும் பம்மல், நாகல்கேணி பக்கம் இது யாருக்கோ வந்த பிரச்சினை இல்லை.

காப்புரிமை கிடைத்தால், மனு போட்ட நாளில் இருந்து 20 வருஷம் மற்றவர்கள் அனுமதி இல்லாமல் அதை வைத்து தொழில் செய்ய முடியாது.

அச்சு இங்கில் நிறம் தருவது பிக்மென்ட். அதை காகிதத்திலும் தோலிலும் பிடித்து வைப்பது ரெசின். ரெசின் மாறினால் காயும் வேகமும் பளபளப்பும் மாறும். அளவை கொஞ்சம் மாற்றினால் அது கண்டுபிடிப்பா, தொழில் தெரிந்த யாருக்கும் தோன்றக்கூடியதா என்பதுதான் சண்டையே.

வெறுமனே கலந்து, அதனதன் குணம் மட்டும் சேர்ந்து வந்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது 1970-ம் ஆண்டு காப்புரிமை சட்டம்.

இரண்டு தீர்ப்புகள்

உத்தரபிரதேசம் மிர்சாபூரில் லேத்தில் பாத்திரத்தை பிடித்துக் கொள்ளும் சாதனத்துக்கு ஒரு நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. இது பழைய சாதனத்தில் செய்த பட்டறை மாற்றம்தான் என்று கூறி, 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த காப்புரிமை செல்லாது என்றது.

2023-ல் நடந்தது வேறு. தோல் மீது இங்க்ஜெட்டில் டிசைன் அச்சிடும் முறைக்கு பெல்ஜியம் நாட்டு அக்ஃபா நிறுவனம் போட்ட மனுவை காப்புரிமை அலுவலகம் தள்ளுபடி செய்திருந்தது. டெல்லி ஐகோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. "இது தெரிந்த விஷயம்தான்" என்று வாயால் சொன்னால் போதாது, பழைய முறையில் இருந்து புது முறை எப்படி வந்தது என்று காட்ட வேண்டும் என்பதே அதன் சாரம்.

என்ன செய்யலாம்?

காப்புரிமை மனு வெளியான பிறகு, உரிமை தருவதற்கு முன்பு, யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் எதிர்க்கலாம். சென்னை அலுவலகம் கிண்டியில்தான் இருக்கிறது. உரிமை கொடுத்த பிறகு என்றால், சம்பந்தப்பட்டவர்களுக்கு ஒரு வருஷம்தான் அவகாசம்.

ஆனால் ஆதாரம் வேணும். தேதி போட்ட பில், கலவை நோட்டு, பார்ட்டிக்கு அனுப்பிய சாம்பிள், பழைய கேட்டலாக் எல்லாம் கை கொடுக்கும். வெளியே யாருக்கும் தெரியாமல் வைத்த ரகசிய கலவை என்றால் வாதம் நிற்பது கஷ்டம்.

கைப்பழக்கம் மட்டும் கோர்ட்டில் பேசாது. தேதி போட்ட காகிதம்தான் பேசும்.