திரும்ப நனையும் பாய்

இரண்டரை வயதில் சொல்லி ஒண்டுக்கிருக்கப் பழகி, பகலெல்லாம் உடுப்பு நனையாமல் திரிந்த பிள்ளை, வீட்டில் தம்பியோ தங்கையோ பிறந்த சில நாட்களில் பழையபடி நின்ற இடத்திலேயே நனைக்கத் தொடங்கினால், அதைப் பிடிவாதமென்று தீர்மானித்துப் பூவரசந்தடி முறிக்கும் வழக்கம் எங்கள் புத்தூர்ப் பகுதியில் இன்னும் ஒழியாதிருப்பது எனக்கு மிகுந்த துக்கத்தைத் தருகிறது.

அந்தப் பாலகன் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. கடைசியாகக் கற்ற பழக்கமே மனம் கலங்கும்போது முதலில் நழுவுவது குழந்தைகளின் சுபாவம். இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் லண்டனில் குழந்தைகள் காப்பகங்களை நடத்திய அன்னா பிராய்டும் டொரதி பர்லிங்ஹாமும், தாயைப் பிரிந்த குழந்தைகள் சுத்தப் பழக்கங்களை இழந்து மீண்டும் படுக்கையை நனைத்ததை விரிவாக எழுதிவைத்தார்கள். 1995 ஐப்பசியில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்து, தென்மராட்சியின் பள்ளிக்கூட விறாந்தைகளிலும் மரநிழல்களிலும் ஒதுங்கிக் கிடந்த நாட்களில், பிள்ளைகளின் பாய்களை விடியற்காலையில் அலசிக் காயப்போட்ட தாய்மாருக்கு இதை ஒருவரும் போதிக்க வேண்டியதில்லை. யுத்தம்தான் வரவேண்டுமென்பதுமில்லை, தகப்பன் வெளிநாடு போவதும், முன்பள்ளியின் முதல் வாரமும், ஒரு காய்ச்சலும் போதும்.

சரீர காரணமும் உண்டு. மாப்பாலே பிரதான ஆகாரமாகி, தண்ணீரும் இலைக்கறியும் குறைந்த பிள்ளைக்கு மலம் இறுகுகிறது. ஒருமுறை நொந்தால் மறுமுறை பயந்து அடக்குகிறது. அடக்க அடக்க மேலும் இறுகி, ஈற்றில் அறியாமலே உடுப்பில் கசிகிறது. இதற்கு அடிப்பது எத்தகைய அநியாயம்! பப்பாப்பழமும் முருங்கையிலையும் தண்ணீரும் கொடுத்து, நோவு தீரும்வரை பழக்குவதை நிறுத்திவைப்பதே நியாயம். வளவின் மூலையில் இருட்டுக்குள் நிற்கும் மலகூடத்தின் குழியைக் கண்டு நடுங்கும் பிள்ளைக்கு, வீட்டுக்குள்ளேயே சிறு பாத்திரம் வைத்துக்கொடுக்கலாம். அல்லது அம்மம்மாமார் செய்ததுபோல, காலை நீட்டியிருந்து பாதங்களின்மேல் பிள்ளையை இருத்தலாம். தாயின் கால்களில் இருக்கும் குழந்தைக்குப் பயம் ஏது?

அமெரிக்க வைத்தியர் பிறேசல்ற்றன் 1,170 குழந்தைகளைப் பற்றி 1962இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளை தானே ஆயத்தமாகும்வரை காத்திருந்து, அது மறுத்தால் சிறிதுகாலம் விட்டுப் பின்னர் தொடங்கும் முறையையே எடுத்துரைத்தார். பகற்பழக்கம் கைகூடிய சராசரி வயது அங்கே இருபத்தெட்டரை மாதம். அயல்வீட்டுப் பிள்ளையை உதாரணம் காட்டி அவசரப்படுத்தும் பெரியவர்கள் இதைச் சற்றே யோசிக்க வேண்டும்.

ஐந்து வயது நிறையும்வரை இரவில் பாய் நனைவதை வைத்தியர்கள் நோயென்று கொள்வதில்லை. ஆனால் ஒண்டுக்கிருக்கையில் எரிவோ, காய்ச்சலோ, மலத்தில் இரத்தமோ, தணியாத தாகத்தோடு மெலிவோ கண்டால், குடும்பநல உத்தியோகத்தரின் அடுத்த வருகைவரை காத்திராமல் அன்றைக்கே பிள்ளையை வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.