விகன் கேசினோ: இடிக்கப்பட்ட ஓர் ஆடலரங்கு

இரவு நடனக்கூடம் என்றதும் மதுக்கோப்பையே நம் நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தின் வடபகுதியில், நிலக்கரியும் பஞ்சாலையுமாய் வளர்ந்த விகன் நகரத்துக் 'கேசினோ'வுக்கு அது பொருந்தாது. அங்கே இரவாட்டங்களில் மது விற்கப்படவில்லை. 1973 செப்டம்பரில் தொடங்கிய அந்த ஆட்டங்கள், சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி ஆரம்பித்து ஞாயிறு காலை எட்டுக்கு முடியும். வழுக்கிச் சுழல்வதற்காகத் தரையில் பவுடரைத் தூவிக்கொண்டு ஆடினார்கள், வாரமெல்லாம் உழைத்துக் களைத்த இளைஞர்கள்.

ஆடிய பாடல்கள்தாம் இன்னும் வியப்பு. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் 1960களில் பாடி, சொந்த நாட்டிலேயே விலைபோகாத இசைத்தட்டுகள் பல. கடல்கடந்த ஒரு சிறுநகரம் அவற்றை வாழவைத்தது. ஏடு தேடி ஊரூராய் அலைந்தவர்களைப் போற்றும் நாம், இந்தத் தேடலையும் அவ்வரிசையில் வைக்கத் தயங்குவானேன்? (டோனி பாமர் 1977இல் எடுத்த ஆவணப்படத்தைப் பாருங்கள், அந்தக் கால்கள் மறக்காது.)

நகராட்சி தன் கட்டடத்தை விரிவாக்க அவ்விடத்தை விரும்பியது. 1981 டிசம்பர் 6 அன்று அரங்கு மூடப்பட்டது. 1982இல் தீ, 1983இல் இடிப்பு. விரிவாக்கமோ, பணமின்றி நடக்கவேயில்லை. கோட்டையும் தேவாலயமுமே காக்கத்தக்கன என்னும் கணக்கை நாம் ஏற்பதற்கில்லை.

ஒவ்வோர் ஆட்டமும் குறிப்பிட்ட மூன்று பாடல்களோடு முடிவது வழக்கம். கடைசி நாளில் அம்மூன்றும் மும்முறை ஒலித்தன. கூட்டம் கலையவில்லை, நான்காவதாக வேறொரு பாடலைப் போட்டுத்தான் அனுப்ப வேண்டியிருந்தது.