சினை ஊசிக்கு அப்பால்

2024 ஜூனில் திருவொற்றியூர்த் தெருவொன்றில் எருமை ஒரு பெண்ணைக் கொம்பில் மாட்டி இழுத்துச் சென்ற காட்சியை ஊரே கைப்பேசியில் பார்த்தது. அன்றிலிருந்து வடசென்னையில் மாட்டைப் பற்றிய பேச்சு அபராதத்தில் தொடங்கிப் பட்டியில் முடிகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால், தெருவில் திரிகிற மாடுகளில் சினை மாடுகளும் இருக்கின்றன. அவை ஈனப்போகும் கன்று என்ன எடையில் பிறக்கும், அதைத் தீர்மானிப்பது எது என்ற கேள்வி யாருக்கும் எழுவதில்லை.

எழுந்தாலும் பதில் தயாராக இருக்கிறது: காளை நல்ல காளையானால் கன்றும் நல்ல கன்று. ஊட்டியிலும் ஈச்சங்கோட்டையிலும் உறைவிந்து நிலையங்களை நடத்தும் அரசின் நம்பிக்கையும் ஏறக்குறைய இதுதான். சினை ஊசி போட்டாயிற்று, மிச்சத்தை ஜெர்சி ரத்தம் பார்த்துக்கொள்ளும்.

ரத்தத்துக்கு வேலை இல்லை என்று சொல்ல வரவில்லை. அதன் வேலையைப் பார்க்க இறைச்சி மந்தைகளுக்குப் போக வேண்டும். இறைச்சிக்கென்றே ஈன வைக்கும் கன்று நம்மிடம் கிடையாது. தமிழ்நாட்டின் 1958-ம் ஆண்டுச் சட்டம், பத்து வயது தாண்டி வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டையும், காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிய மாட்டையும்தான் அறுக்க விடுகிறது. ஆனால், உலகின் மிகப் பெரிய இறைச்சி மந்தை ஒன்றின் தாய்வீடு எண்ணூரிலிருந்து வடக்கே அதே கரையோரம் இருக்கிறது. பிரேசிலின் மாடுகளில் பெரும்பகுதி ‘நெலோர்’. நம் நெல்லூர்தான் அங்கே போய் நெலோர் ஆனது. மாடு, ஓங்கோல் மாடு. நெலோர் பசு சுமார் 30 கிலோ கன்றைப் பெரும்பாலும் ஆள் துணையின்றி ஈன்றுவிடும். பிரான்ஸின் சரோலே கன்று 45 கிலோவைத் தொடும். இது இனத்தின் கைவரிசைதான்.

ஒரே மந்தைக்குள் பார்த்தால் கதை மாறுகிறது. அங்கே கன்றுக்குக் கன்று காணும் எடை வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் கொஞ்சம் கூடுதல், மரபணுவால் வருவது. அதுவும் தீவனமும் நிழலும் எல்லா மாட்டுக்கும் ஒரேபோலக் கிடைக்கும் பண்ணைகளின் கணக்கு. ஒரு மாட்டுக்குப் புண்ணாக்கும் இன்னொன்றுக்குச் சுவரொட்டியும் கிடைக்கிற தெருவில் அந்தப் பங்கு இன்னும் சுருங்கும்.

1938-ல் கேம்பிரிட்ஜில் வால்டன், ஹேமண்ட் என்ற இருவர் ராட்சத ஷயர் குதிரையையும் குட்டையான ஷெட்லண்டையும் இரு வழியிலும் கலந்தார்கள். தாய் ஷயராக இருந்தபோது பிறந்த குட்டி, தாய் ஷெட்லண்டாக இருந்தபோது பிறந்ததைப் போல மூன்று மடங்கு எடை. இரண்டுக்கும் மரபணுக் கலவை பாதிக்குப் பாதிதான், வேறுபட்டது கருப்பை. மாட்டில் இது இன்னும் விசித்திரம். திமிலுள்ள பிராமன் காளையை ஐரோப்பியப் பசுவோடு சேர்த்தால் கன்று கனமாகப் பிறக்கிறது. ஐரோப்பியக் காளையைப் பிராமன் பசுவோடு சேர்த்தால் எடை குறைகிறது. பசுவின் உடல் பருமனை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. தாய் வழி வந்ததா, தந்தை வழி வந்ததா என்பதைப் பொறுத்து ஒரே மரபணு வேறு விதமாக வேலை செய்கிறது என்கிறார்கள். பெரிய இனத்தின் ஊசியைச் சின்னக் கிடேரிக்குப் போட்டுவிட்டுத் தலைச்சன் ஈத்தில் கன்றைக் கயிறு கட்டி இழுத்தவர்களுக்கு இதன் இன்னொரு முகம் தெரியும்.

பிறகு, வெயில். கன்றின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் நடப்பது. அப்போது வெக்கை தாங்காத பசு, உடல் சூட்டைத் தணிக்க ரத்தத்தைத் தோலுக்குத் திருப்புகிறது. கருப்பைக்குப் போவது குறைகிறது. நஞ்சுக்கொடி சிறுக்கிறது, பசு சில நாள் முன்னதாகவே ஈன்றுவிடுகிறது, கன்று இளைத்துப் பிறக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இதன் மறுபக்கம் தெரிந்தது: கடுங்குளிர் ஆண்டில் கன்றுகள் கனத்துப் பிறந்தன, ஈனுவதில் சிக்கலும் கூடியது. எண்ணூர் நெடுஞ்சாலையில் மே மாதம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நிற்கும் சினை மாட்டுக்கு எது பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, காற்று. இங்கே பெண்ணையும் பசுவையும் ஒப்பிடுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கருப்பையின் உடலியல் பொதுவானது என்பதால் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகக் குழு 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. காற்றில் நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் பிறப்பு எடை 4 கிராம் குறைவாகக் காணப்பட்டது. நாலு கிராம்தானே என்று தோன்றும். அனல்மின் நிலையமும் நிலக்கரித் தளமும் சுத்திகரிப்பு ஆலையும் ஒரே காற்றைப் பங்குபோடும் ஊரில், அந்தப் பத்து எத்தனை முறை கூடும்?

ஆகவே, மாநகராட்சியின் மாட்டுக் கொட்டகைகளை மாட்டைக் கண்ணில் படாமல் ஒதுக்கும் இடமாகப் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. ஏழு மாதச் சினையைத் தாண்டிய மாட்டுக்கு அங்கே முதல் இடம், கூரை, தொட்டி நிறைய நல்ல தண்ணீர், பசுந்தீவனம், தாது உப்பு. அபராதத் தொகையின் ஒரு பகுதியை இதற்கென்று ஒதுக்கினால்கூடப் போதும். 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. மாதவரத்தில் பல்கலைக்கழகமே இருக்கிறது. கொட்டகையில் பிறக்கும் ஒவ்வொரு கன்றையும் முதல் நாளே எடை போட்டு, தாயின் ஈத்து, ஈன்ற மாதம், போட்ட ஊசி ஆகியவற்றோடு குறித்துவைக்க அவற்றின் மாணவர்களே போதும். பெரிய செலவில்லை.

இப்போதைக்குச் சந்தில் ஒரு மாடு ஈன்றால் கேட்கப்படுவது ஒன்றுதான்: ‘கிடேரியா, காளையா?’ காளைக் கன்று இரண்டு கிலோ கூடுதலாகப் பிறந்தாலும் சீம்பால் தீர்ந்த சில நாளில் கைமாறிவிடும். காசிமேட்டில் வஞ்சிரத்தைக் கிராம் பிசகாமல் நிறுக்கிற ஊர் இது. தராசு, தெருவுக்கு ஒன்று இருக்கிறது.